கம்பத்துக்கு முன்னால்

"அதுல கைய வைக்காத" என்றார் வீரபாண்டியன்.

ஐஸ் பெட்டி கொண்டுவந்தவன் குனிந்த வாக்கிலேயே நின்றான். அவன் விரல்கள் சுவரிலிருந்த பிளக்கைப் பிடித்திருந்தன. அந்த பிளக்கிலிருந்து கிளம்பிய ஒயர், கட்டிலோரத்து ஸ்டூலில் திறந்து கிடந்த லேப்டாப்பில் போய் முடிந்தது. கட்டிலில் சிவபிரகாஷ் கிடந்தான். தாடையைச் சேர்த்து வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் போன உயிர்.

"பெட்டிக்குக் கரண்டு வேணும்ல பெரியவரே. இந்த ஒரு பிளக்குதான வேல செய்யுது. அடுப்படியில உள்ளது கருகிப்போய்க் கெடக்கு."

"வேற எடம் பாரு."

"வேற எங்குட்டுப் பாக்குறது?"

"அது உன் பாடு. இதப் புடுங்கக் கூடாது."

கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சுபலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். அழுது ஓய்ந்த முகம். புருசன் செத்ததை நம்பினாலும் மாமனார் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லை அவளால் நம்ப முடியவில்லை. அந்த லேப்டாப்பைத் தூக்கிக் கண்மாயில் போடுகிறேன் என்று அவர் சொல்லாத வாரம் கிடையாது.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாயக்கண்ணன் எழுந்து உள்ளே வந்தார். பங்காளிகளில் மூத்தவர். எந்தச் சாவு வீட்டிலும் இன்னது செய், இன்னது செய்யாதே என்று சொல்வது அவர் வேலை. யாரும் கொடுத்த வேலையில்லை, அவராக எடுத்துக்கொண்டது.

"என்னப்பா தகராறு? பொணத்த வெறுங்கட்டில்ல போட்டு வைக்கவா சொல்ற? மருமக வீட்டு ஆளுக கோயம்புத்தூர்லேருந்து வரணும். பொழுது ஏறுனா தாங்காது."

"பெட்டி வேணாம்னு சொல்லல. இந்த ஒயரத் தொடாதன்னுதான் சொல்றேன்."

"அவனே போயிட்டான். அவன் வெளாட்டுச் சாமான் இனி எதுக்கு? சாவு விழுந்த வீட்டுல அடுப்பே எரியக் கூடாது. மிசினு ஓடலாமா?"

"வெளாட்டுச் சாமான் இல்லண்ணே. வேல. நாளைக்கு நீங்க போய்ச் சேந்தா உங்க வயல்ல மோட்டார அமத்திருவாகளா?"

மாயக்கண்ணனுக்கு முகம் சுண்டிப்போனது. சாவு வீடு என்பதால் வாசல் நாற்காலிக்கே திரும்பிப் போனார்.

வேலை இதுதான். சிவபிரகாஷுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய், கோயம்புத்தூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து படுத்தான். காரைக்குடிக்குப் போய் ரத்தம் சுத்தம் பண்ணிவிட்டு வந்தால் மறுநாள் எழுந்திருக்க மாட்டான். வயல் கூப்பிடு தூரம்தான். அந்தத் தூரமும் அவனுக்கு இல்லாமல் போனது. நாற்று விட்ட சமயத்தில் சுபலட்சுமியை அனுப்பி, வயல் ஓரத்தில் ஒரு கம்பம் நட்டு, அதில் தன்னுடைய பழைய போனையும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சோலார் தகட்டையும் கட்ட வைத்தான். பத்து நிமிசத்துக்கு ஒரு படம் எடுக்கும். எடுக்கும்போது பல்லி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் போடும். படம் நெட்டு வழியாக லேப்டாப்புக்கு வந்து சேரும்.

அந்தப் படங்களைச் சேர்ப்பதற்கு லேப்டாப்பில் அவன் ஏதோ எழுதி வைத்திருந்தான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக ஏழெட்டு வரி. ஷெல் ஸ்கிரிப்ட் என்றான். இருட்டில் எடுத்த படத்தைத் தள்ளிவிட்டு, மிச்சத்தை நேரப்படி அடுக்கி, நம்பர் போட்டு, ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டு வீடியோ ஆக்கிவிடும். பொழுது சாய்ந்ததும் யாரும் தொடாமலே அதுபாட்டுக்குச் செய்யும். ஒரு பகல் முழுக்க அரை நிமிசத்துக்குள் ஓடி முடிந்துவிடும்.

"வேலைக்கு ஆளு வச்ச மாதிரிதான்யா. கூலி கெடையாது" என்றான் சிவபிரகாஷ்.

"கூலி கேக்காத ஆள நம்பாத" என்றார் வீரபாண்டியன்.

அவர் நம்பவில்லை. தன்னை வேவு பார்க்கத்தான் மகன் வைத்திருக்கிறான் என்று முடிவு கட்டிக்கொண்டார். கம்பத்துக்குப் பின்புறத்து வரப்பு வழியாகவே வயலுக்குள் இறங்குவார். முன்னால் வேலை இருந்தால் தலைத்துண்டை அவிழ்த்துப் போன் மேல் போட்டுவிட்டுச் செய்வார். வேலை முடிந்ததும் துண்டை எடுத்து உதறிக் கட்டிக்கொள்வார். இப்படியே கார்த்திகை போய் மார்கழியும் போனது.

ஒரு நாள் மகன் கூப்பிட்டு வீடியோவைக் காட்டினான்.

"பாருங்கய்யா. களை எடுத்திருக்கு. வரப்பு வெட்டியிருக்கு. தண்ணி பாஞ்சிருக்கு. ஆளு மட்டும் இல்ல. பேயி வெவசாயம் பண்ற மாதிரி இருக்கு."

சுபலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

"பயிரத்தான பாக்கணும்னு சொன்ன. பாத்துக்க" என்றார் இவர்.

"பயிரப் பாக்கவா இம்புட்டுப் பாடுபட்டேன்? ஒரு நாளைக்குக் கம்பத்துக்கு முன்னால சும்மா நில்லுங்க. அந்தச் சத்தம் கேக்குற வரைக்கும் நின்னாப் போதும்."

"சும்மா நிக்கிறதுக்கா வயலுக்குப் போறேன்?"

மகன் அதற்குமேல் கேட்கவில்லை. நாற்றிலிருந்து அறுப்பு வரைக்கும் ஒரு நாள் விடாமல் சேர்த்து ஒரே படமாக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு பகல் விட்டுப்போனாலும் பயிர் குதித்த மாதிரி இருக்கும், வளர்ந்த மாதிரி இருக்காது என்பான். லேப்டாப்புக்கு பேட்டரி செத்து ரொம்ப நாளாயிற்று. ஒயரைப் பிடுங்கினால் அந்த நிமிசமே அணையும். அணைந்துவிட்டால், வருகிற படத்தை வாங்க ஆளில்லை. பொங்கல் கழித்து அறுப்பு. அதற்குள் இப்படி ஆகிவிட்டது.

வீரபாண்டியன் ஐஸ் பெட்டிக்காரனைத் தாண்டி வெளியே வந்தார். நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனார். பூமிநாதன் வீடு. இரண்டு பேருக்கும் வயலும் பக்கம் பக்கம்தான். வரப்பை யார் வெட்டிச் சேர்த்துக்கொண்டது என்ற தகராறில் பேச்சுவார்த்தை நின்றுபோய் இந்தப் பொங்கலோடு ஒரு வருசம். சாவு கேட்டுக் கிளம்பி, போகலாமா வேண்டாமா என்று சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான் பூமிநாதன்.

"கரண்டு வேணும்" என்றார் வீரபாண்டியன். "ஐஸ் பெட்டிக்கு. உன் வீட்டுலேருந்து ஒயர் இழுக்கணும்."

பூமிநாதன் கையிலிருந்த சட்டையை மாட்டினான்.

"கரண்டுதான. வரப்பா கேட்டீக" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் நீளமான ஒயரைத் தேடி எடுத்து வந்தான்.

பெட்டி ஓட ஆரம்பித்தது. ஸ்டூலில் லேப்டாப்பும் ஓடியது. பெண்கள் மாரடித்து அழுத நேரத்தில்கூட அதன் ஓரத்தில் ஒரு பச்சைப் பொட்டு விட்டுவிட்டு மின்னியது. அழ வந்தவர்களில் பாதிப் பேர் அதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அழுதார்கள்.

கோயம்புத்தூர் ஆட்கள் மதியம் தாண்டி வந்தார்கள். நீர்மாலைக்குத் தண்ணீர் எடுத்து, குளிப்பாட்டி, கோடித் துணி போர்த்தி, பூத்தேரில் உட்கார்த்தினார்கள். சாமந்தி மாலைகளுக்கு நடுவே சிவபிரகாஷின் முகம் சின்னதாக இருந்தது. வாசலோடு நின்றுவிட்ட சுபலட்சுமி, மாமனாரின் கையைப் பிடித்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தெரியும் என்பதுபோல் அவர் தலையை ஆட்டினார். அவள் கையை விட்டாள்.

கொட்டு முன்னால் போக, தேர் பின்னால் போனது. பூமிநாதன் முன்பக்கத்துக் கம்பைத் தோளில் வாங்கியிருந்தான். சுடுகாட்டுக்குக் கண்மாய்க்கரையோரமாகத்தான் பாதை. பாதையின் இடது கையில் வரிசையாக வயல்கள். எல்லாம் பழுத்துத் தலை சாய்ந்து கிடந்தன.

வீரபாண்டியன் தன் வயலுக்கு நேரே வந்ததும் தேருக்குக் குறுக்கே போய் நின்றார்.

"நில்லுங்க."

"என்னப்பா?" என்றார் மாயக்கண்ணன். "இடையில எறக்கக் கூடாது. எறக்குற எடம் அங்குட்டு இருக்கு."

"எறக்கச் சொல்லல. நிக்கச் சொன்னேன். தேர இங்குட்டுத் திருப்புங்க. அந்தக் கம்பத்தப் பாக்குற மாதிரி."

"வழியில நிப்பாட்டுற வழக்கம் நம்மகிட்ட கெடையாது."

"இன்னைக்கு இருக்கு."

கொட்டுக்காரர்கள் புரியாமல் அடித்துக்கொண்டே இருந்தார்கள். வீரபாண்டியன் அவர்கள் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினார்.

"கொட்ட நிறுத்துங்கப்பா. சத்தம் கேக்கணும்."

"என்ன சத்தம்?"

"கேக்குறப்பத் தெரியும்."

கொட்டு நின்றது. கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று யாரோ மெல்லச் சொன்னது அவர் காதிலும் விழுந்தது. சொல்லிக்கொள்ளட்டும். அவர் தேருக்கு முன்னால் போய், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, கம்பத்தைப் பார்த்து நின்றார். எடுத்து இப்போதுதான் முடித்ததோ, இனிமேல்தான் எடுக்கப்போகிறதோ, அவருக்குத் தெரியாது. நின்றால் தெரிந்துவிடும்.

கதிர் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. கண்மாய்க்குள்ளிருந்து ஒரு நீர்க்காக்கை எழும்பிப் போனது. தேர் தூக்கியவர்களுக்கு வேர்த்துக் கொட்டியது.

"இன்னும் எம்புட்டு நேரம்?" என்றார் மாயக்கண்ணன். "இது பாவம்ப்பா. போறவனப் போக விடு."

"நாலு மாசமா அவன் இங்க வரணும்னு கெடந்தான். வந்துட்டான். அவசரப்படுத்தாதீக."

"ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சிரிச்சாலும் அந்தச் சத்தம் கேக்குற மாதிரி மெதுவாச் சிரிக்கச் சொல்லுங்க."

மாயக்கண்ணன் மற்றவர்களைப் பார்த்து, "தூக்குங்கடா, போவோம்" என்றார். பின்பக்கத்து இரண்டு பேர் காலை எடுத்து வைத்தார்கள். முன்பக்கம் நகரவில்லை.

"நிக்கட்டும்ங்கிறேன்" என்றான் பூமிநாதன், கம்புக்கு அடியிலிருந்து. "பாரமா இருந்தாத் தோள் மாத்துங்க. நான் நிப்பேன்."

தோள் மாற்றினார்கள். பூமிநாதன் மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. வீரபாண்டியன் திரும்பிப் பார்க்கவில்லை. வெயில் நேர் கண்ணில் விழுந்தது. கண்ணைச் சுருக்காமல் நின்றார்.

கம்பத்திலிருந்து பல்லி கத்தியது.

"போகலாம்" என்றார் வீரபாண்டியன்.

கொட்டு மறுபடி கிளம்பியது.

காரியம் முடிந்து, கண்மாயில் முங்கி, ஈர வேட்டியோடு வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஐஸ் பெட்டி போய்விட்டது. அது இருந்த இடத்தைக் கழுவிவிட்டு விளக்கு வைத்திருந்தார்கள். சுபலட்சுமி ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். வீரபாண்டியன் அவளுக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

திரை கறுத்தது. வெள்ளை எழுத்துகள் தாமாக வரிவரியாக மேலே ஏறின. எழுதினவன் இல்லை. எழுதினது நின்றபாடில்லை. கடைசி வரி போய்ச் சேர்ந்ததும் சுபலட்சுமி ஒரு பொத்தானை அமுக்கினாள்.

பனி விலகியது. கதிர்கள் மேலே வெயில் பரவியது. கம்பத்தின் நிழல் ஒரு வரப்பிலிருந்து கிளம்பிச் சுருங்கி அடுத்த வரப்புக்கு நீண்டது. கொக்குகள் இருந்தன, இல்லை, வேறு இடத்தில் இருந்தன. வானத்தில் மேகம் ஓடியது. திடீரென்று பாதை நிறைய ஆட்கள். நடுவில் பூத்தேர். தேருக்குள் இந்தப் பக்கம் பார்த்த ஒரு முகம். அதற்கு முன்னால், தலையில் துண்டில்லாமல், நேருக்கு நேராக ஒரு கிழவன். இமைப்பதற்குள் பாதை காலியாகிவிட்டது. கதிர்கள் மட்டும் அசைந்தன.

சுபலட்சுமியின் விரல் நிறுத்துவதற்காகப் பொத்தானுக்குப் போனது.

"நிறுத்தாத" என்றார் வீரபாண்டியன். "ஓடட்டும்."

வெயில் மஞ்சளாகி, வயல் மங்கி, திரை இருண்டது.

"நாளைக்கும் வரும்ல?" என்றார்.

"வரும் மாமா."

வாசலில் மாயக்கண்ணன் குரல் கேட்டது. "கட்டில இன்னுமா வீட்டுக்குள்ள வச்சிருக்கீக? இருட்டிப்போச்சு, வெளிய போடணும்ப்பா."

வீரபாண்டியன் எழுந்தார். தன் ஒயரைச் சுருட்டி எடுத்துப்போக வந்த பூமிநாதன், அதைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலின் மறுமுனையைப் பிடித்தான். தூக்கினார்கள். சுவரிலிருந்து ஸ்டூலுக்குப் போகிற ஒயர் இருவருக்கும் நடுவே தரையில் கிடந்தது.

"பாத்து" என்றார் வீரபாண்டியன். பூமிநாதன் முதலில் தாண்டினான். அப்புறம் அவர், இருட்டில் காலால் தடவி ஒயர் எங்கே கிடக்கிறது என்று தெரிந்துகொண்டு, ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்து, மறுகாலையும் எடுத்து வைத்தார்.