சித்தப்பாவுக்கு ஒரு வாரிசு

அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் சித்தப்பா என்று கூப்பிட்டது ஒரு குடல்வாலை. முகம் சுளிக்காதீர்கள். ஏழு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு புண்ணியவான் அறுவை மேசையில் விட்டுப்போனது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத அதை மெழுகில் புதைத்துச் சின்னப் பாளமாக்கி வைத்திருந்தார்கள். நல்ல குணம். ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

யாருக்கு இரைப்பையிலோ குடலிலோ கட்டி வந்தாலும் அதில் ஒரு துண்டு இந்தக் கூடத்துக்கு வரும். அதை மெழுகில் வைத்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டிச் சாயம் ஏற்றுவார்கள். ஒரு வகைக் கட்டியின் செல்கள் மட்டும் அந்தச் சாயத்தில் பழுப்பாகும். சரி, பழுப்பாகவில்லையென்றால்? கட்டி வேறு வகையா, சாயம் கெட்டுப்போச்சா? அந்தச் சந்தேகம் வரக்கூடாதென்று ஒவ்வொரு ஸ்லைடின் ஓரத்திலும் சித்தப்பாவில் ஒரு சீவலை ஒட்டிவிடுவார்கள். அவரிடம் அதே இனத்துச் செல்கள், கட்டியாகாமல், அங்கொன்றும் இங்கொன்றுமாக உண்டு. அவை பழுப்பானால் சாயத்தை நம்பலாம். அவர்தான் சாட்சி.

சாட்சி இப்போது தேய்ந்துகொண்டிருந்தார்.

"இன்னும் பதினெட்டு சீவல் வரும். அதுக்கப்புறம் வெறும் மெழுகுதான்" என்றாள் அக்கா. இருபத்தாறு வருடமாகச் சீவும் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பவள். வயதில் பெரியவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

டாக்டரம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பழுப்புக் கட்டிகளில் எது பரவும், எது சும்மா கிடக்கும் என்று கண்டுபிடிக்க மூன்று வருடமாக ஆராய்ச்சி செய்பவர். இருநூற்றுப் பத்து ஸ்லைடு முடிந்திருந்தது, அறுபது பாக்கி. பன்னிரண்டு நாளில் முடிக்காவிட்டால் ஆராய்ச்சிக் குழு கோப்பை மூடிவிடும். மூன்று வருடமும் குப்பைக்கூடைக்குப் போகும்.

"வாரிசு வேணும்க்கா. சித்தப்பா இருக்கும்போதே ரெண்டு பேரையும் ஒரே ஸ்லைடுல பக்கத்துல பக்கத்துல உக்கார வெச்சுச் சாயம் ஏத்திப் பாக்கணும். ரெண்டு பேரும் ஒரே பதில் சொன்னாத்தான் குழு ஒத்துக்கும்."

"தினம் நாலு குடல்வால் வருதே டாக்டர்."

"எல்லாம் சீழ் புடிச்சு அழுகி வருது. லேசா வீங்கினது, முழுசா இருக்கறது வேணும். வேற கட்டிக்கு ஆபரேஷன் பண்ணவங்களோடதும் வேணாம். சுத்தமான ஆளா இருக்கணும்."

"மாப்பிள்ளை பாக்குறப்போகூட நாங்க இவ்வளவு நிபந்தனை போடல" என்றாள் அக்கா.

அப்போதுதான் அவள் கைப்பேசி அடித்தது. அவளுடைய தம்பி. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வாத்தியார். நாற்பத்திரண்டு வயதுக்குள் வயிற்றுவலி என்று அவன் அக்காவைக் கூப்பிட்டதை எண்ண ஒரு தனி ஆளைப் போடவேண்டும்.

"அக்கா, வயிறு வலிக்குதுக்கா."

"சுடுதண்ணி குடிச்சிட்டுப் படு. வேலையா இருக்கேன்."

"இது அந்த வலி இல்லக்கா. காலையில தொப்புள்ள ஆரம்பிச்சுது. இப்போ வலது பக்கமா இறங்கி, கீழ வந்து குந்திக்கிட்டிருக்கு. பிரேக் மிதிக்க முடியல. கத்துக்க வந்த அம்மா நேரா பூக்கடைக்குள்ளயே விட்டுட்டாங்க."

அக்கா எழுந்து நின்றாள். "எங்கடா? வலது பக்கமா?"

டாக்டரம்மாவும் எழுந்து நின்றார்.

"கீழயா? அழுத்தி எடுத்தா வலிக்குதா? என் கண்ணே, அங்கேயே இரு. எதையும் சாப்பிடாத. ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்காத. நான் வண்டி அனுப்பறேன்."

நாற்பத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அக்கா தன்னைக் கண்ணே என்றதைக் கேட்டுத் தம்பிக்கு வியர்த்துவிட்டது. சாகப்போகிறோம் என்றே முடிவு கட்டிவிட்டான்.

ஒரு மணி நேரத்தில் ஸ்கேன் எடுத்தாயிற்று. "லேசான வீக்கம்தான், இன்னும் உடையல" என்றார் அறுவை டாக்டர்.

"லேசாவா!" டாக்டரம்மா கையைத் தட்டியேவிட்டார். அக்கா மேலே பார்த்துக் கும்பிட்டாள்.

கட்டிலில் சுருண்டு கிடந்த தம்பி தலையைத் தூக்கினான். "எனக்கு வலிக்குது. நீங்க ரெண்டு பேரும் எதுக்குச் சிரிக்கிறீங்க?"

மறைக்கிற பழக்கம் அக்காவுக்குக் கிடையாது. சித்தப்பாவின் கதை, பதினெட்டுச் சீவல், பன்னிரண்டு நாள் எல்லாவற்றையும் சொன்னாள். "எப்படியும் எடுக்கத்தான் போறாங்க. பரிசோதனை முடிஞ்சு மிச்சம் இருக்கறத நாங்க வெச்சுக்கறோம். நீ கையெழுத்துப் போட்டாத்தான். வேணாம்னா வேணாம்."

"அதை எப்படி வெச்சிருப்பீங்க?"

"மெழுகுல. ராஜா மாதிரி."

"பேரு?"

"அதெல்லாம் பழகப் பழகத் தானா வரும்."

"சித்தப்பான்னு வைக்கக்கூடாது. எனக்கு அவ்வளவு வயசாகல."

பக்கத்தில் நின்ற அவன் மனைவி பொறுமை இழந்தாள். "போடுங்க கையெழுத்த. இத்தனை வருஷத்துல உங்ககிட்டேயிருந்து யாரும் எதையும் வாங்க முடிஞ்சதில்ல. உங்க அக்காவாவது வாங்கட்டும்."

போட்டான். கையெழுத்துக்குக் கீழே, மரியாதையாக வைத்துக்கொள்ளவும் என்று ஒரு வரியும் எழுதினான்.

அன்றைக்குச் சாயங்காலம் பதப்படுத்தும் திரவம் நிறைந்த குப்பியில் அது வந்து சேர்ந்தது. மறுநாள் காலை வெட்டுப் பலகையில் எடுத்து வைத்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் போல நாலு பேர் சுற்றி நின்றார்கள்.

"என்ன பளபளப்பு பாருங்க" என்றார் டாக்டரம்மா.

"எங்க குடும்பத்துல எல்லாருக்கும் உள்ளுக்குள்ள லட்சணம்தான். வெளிய தெரியாது" என்றாள் அக்கா.

டாக்டரம்மா கத்தியை நடுப்பாகத்தில் வைத்தார். "முதல்ல வாரிசுக்கு ஒரு துண்டு எடுத்துடறேன்."

"நுனியை நெடுக்க வெட்டிப் பாக்கணுமே டாக்டர். நோய் ஏதாவது ஒளிஞ்சிருக்கான்னு பாக்கறதுதானே முதல்ல?"

"பாக்கலாம்க்கா, நுனி எங்க ஓடப்போகுது?"

அக்கா குப்பியின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். "வேற யாரோடதா இருந்தாலும் நீங்க நுனியைத்தான் முதல்ல வெட்டுவீங்க. என் தம்பிங்கிறதால முறையை மாத்த வேணாம்."

டாக்டரம்மாவுக்குக் காது சிவந்தது. கத்தியை எடுத்து நுனியை நெடுக்காகப் பிளந்தார்.

உள்ளே மஞ்சளாக, பயறு அளவுக்கு, ஒரு உருண்டை உட்கார்ந்திருந்தது.

சாயம் ஏற்றுமுன் அந்தப் பழுப்புக் கட்டிகளின் நிறம் அதுதான். அந்த மஞ்சளை அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். மூன்று வருடமாக அதைத்தானே தேடித் தேடிச் சாயம் ஏற்றினார்கள். அக்கா மூடியைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"சின்னதுக்கா. அளந்துட்டேன், ஆறு மில்லிமீட்டர்" என்றார் டாக்டரம்மா மெதுவாக.

"வெட்டின ஓரத்துல மிச்சம் ஏதாவது?"

"நாளைக்கு ஸ்லைடுல பாத்துட்டுச் சொல்றேன். அதுக்கு முன்னாடி நானும் சொல்லமாட்டேன், நீங்களும் கேக்காதீங்க."

மறுநாள் தம்பியின் பாளத்தை அக்காவே சீவினாள். கை நடுங்கினால் சீவல் கிழியும். கிழியவில்லை. தண்ணீர்த் தொட்டியில் மிதந்த சீவலை ஸ்லைடில் அவள் ஏந்தி எடுத்ததைப் பார்த்தால் தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுவது போல இருந்தது.

மத்தியானம் டாக்டரம்மா நுண்ணோக்கியில் குனிந்தவர் நிமிரவே இல்லை. அக்கா ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள். பதினோராவது நடையில் பதில் வந்தது.

"ஓரம் சுத்தம். கட்டி முழுசா வெளிய வந்துடுச்சு. வேகமா வளர்ற அடையாளமும் இல்ல. இந்த அளவுக்கு இதுக்குமேல வைத்தியமே வேண்டியதில்ல. அறுவை டாக்டரும் அதேதான் சொல்றார்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்த கையோடு கேட்டாள்: "அப்போ வாரிசு?"

டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார். "கட்டி இருந்த ஆளோடது. சுத்தமான ஆள் வேணும்னு நான்தானே விதி போட்டேன்."

"விதி போட்டது நீங்க, பாக்கப்போறதும் நீங்க. ஒரு தடவ சித்தப்பா பக்கத்துல உக்கார வெச்சுப் பாத்துட்டு அப்புறம் தள்ளுங்க டாக்டர்."

அறிக்கைக்கு வேண்டியதை எடுத்து வைத்தபின் மிச்சத்தில் ஒரு சீவல். பக்கத்தில் சித்தப்பா. சாயம் ஏறியது. சித்தப்பா வழக்கம்போல அங்கொரு புள்ளி, இங்கொரு புள்ளி. தம்பியின் துண்டிலும் நல்ல குடல் பக்கம் அதே புள்ளிகள், எண்ணினாலும் கிட்டத்தட்ட அதே கணக்கு. ஆனால் நுனியில் அந்தப் பயறு மட்டும் நெருப்பு வைத்த மாதிரி பழுப்பாகக் கொதித்தது. ஏறவேண்டிய இடத்தில் ஏறி, ஏறக்கூடாத இடத்தில் துளி ஏறவில்லை.

"அக்கா, இது சித்தப்பாவையே தூக்கிச் சாப்பிட்டுடும்" என்றார் டாக்டரம்மா. "என் விதியைக் கொண்டுபோய் அடுப்புல போடுங்க."

இரண்டு சீவல்களும் இருக்கும் அந்த ஸ்லைடைக் குழுவுக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் சம்மதம் வந்தது. அதற்கப்புறம் அக்கா சீவினாள், மற்றவர்கள் சாயம் ஏற்றினார்கள், டாக்டரம்மா பழுப்பான செல்களை எண்ணினார்.

பன்னிரண்டாம் நாள் ஒரே ஒரு ஸ்லைடு பாக்கி இருக்கும்போது தம்பி மனைவியோடு வந்து நின்றான். தையல் பிரித்த தெம்பு; கட்டி இருந்ததும் முழுசாகப் போனதும் அக்கா சொல்லித் தெரிந்திருந்தது. "எங்க என்னோடது? நான் பாக்கணும்."

கடைசி ஸ்லைடின் ஓரத்திலும் அவன் சீவல் இருந்தது. டாக்டரம்மா நாற்காலியை விட்டுக்கொடுத்தார். அவன் கண்ணை வைத்தான்.

"இதுவா? இந்தத் துக்கடாவா என்னை அந்தப் பாடு படுத்துச்சு?"

"நுனியில இருக்குற பழுப்பு" என்றாள் அக்கா.

"நல்லாத்தான் இருக்கு." குரலில் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

மனைவி அவன் தோள்மேல் எட்டிப் பார்த்தாள். "டாக்டர், இவரோட சோம்பேறித்தனம் இதுல எந்தப் பக்கம் இருக்கு?"

"அதுக்கு இன்னும் சாயம் வரலம்மா. வந்தா முதல் ஸ்லைடு உங்களுக்குத்தான்."

"எழுந்திருடா" என்றாள் அக்கா. "அவங்க இந்த ஒண்ணை எண்ணி முடிச்சாத்தான் மூணு வருஷ வேலை முடியும்."

"இரு அக்கா, அவசரப்படாத" என்று தம்பி இரண்டு கையாலும் நுண்ணோக்கியைப் பிடித்துக்கொண்டான். "நானே எண்ணிச் சொல்றேன். டாக்டரம்மா, எழுதிக்கோங்க. ஒண்ணு... ரெண்டு..."

டாக்டரம்மா நிஜமாகவே பேனாவை எடுத்தார்.