கறுப்புச் சட்டைக்காரர் பூட்டிய கதவு

திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் அந்தச் சிற்றூரில் வீரையனை விடப் பெரிய பகுத்தறிவாளர் கிடையாது. இதை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். வேறு யாரும் சொல்லவில்லை என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. 'கடவுள் இல்லை' என்று சத்திரத்துச் சுவரில் எழுதி ஜெயிலுக்கும் போய் வந்தவர். கழகம் ஆட்சிக்கு வந்த பிறகும் கறுப்புச் சட்டையை விடவில்லை. மனைவி நீலாம்பாள் துவைக்கக் கேட்டால்தான் கழற்றுவார்.

அவர்களுடைய சின்ன மகள் வேம்பு சில நாட்களாகத் தூக்கத்தில் வீறிட்டு அழுதாள். டாக்டர் பார்த்துவிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார்.

"புள்ள எதையோ பாத்துப் பயந்திருக்கு. சாயங்காலம் பள்ளிவாசலுக்குத் தூக்கிட்டுப் போறேன்" என்றாள் நீலாம்பாள்.

தொழுதுவிட்டு வருகிறவர்கள், வாசலில் காத்திருக்கும் பிள்ளைகளின் முகத்தில் ஓதி ஊதிவிட்டுப் போவார்கள். எல்லாச் சாதித் தாய்மாரும் பிள்ளையோடு அங்கே நிற்பது அந்த ஊர் வழக்கம்.

வீரையனுக்குக் கோபம் தலைக்கேறியது. பகுத்தறிவாளர் வீட்டுப் பிள்ளைக்கு ஊதுவதா? அப்புறம் எந்த முகத்தோடு மைக்கைப் பிடிப்பது? பிள்ளையின் பயத்தை விட மைக்தான் அவருக்குப் பெரிதாகப் பட்டது. சொல்லிப் பார்த்தார், நீலாம்பாள் கேட்கவில்லை. தாயையும் பிள்ளையையும் உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டு டீக்கடைக்குப் போனார். போனவர் சும்மா இருந்தாரா? பூட்டிய பெருமையைக் கடையில் எல்லோரிடமும் அளந்து தள்ளினார்.

அந்த நேரம் பார்த்து மிராசுதார் இராஜாங்கத்தின் வண்டி வந்து நின்றது. அறுப்புக் கூலிக்காக வீரையன் அவரோடு பல வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறார். வீரையனின் சனத்தைக் கோயில் தெருவில் காலெடுத்து வைக்க விடாத தர்மகர்த்தாவும் இராஜாங்கம்தான். "டேய்" என்றே பழகிய வாய் அன்று "வீரையா" என்றது.

"கேள்விப்பட்டேம்ப்பா. நல்ல காரியம் செஞ்சே. நம்ம பொம்பளைங்க பள்ளிவாசல்ல போயி நிக்கலாமா? இன்னைக்குத்தான் நீ நம்ம ஆளு."

வாய்க்குக் கொண்டுபோன டீயை வீரையன் அப்படியே இறக்கினார். எந்தச் சாமியும் கிடையாது என்பவரும், தன் சாமியைத் தவிர வேறெதையும் கும்பிடக் கூடாது என்பவரும் ஒரே கதவைப் பூட்டியிருக்கிறார்கள்! காது மடல் சுட்டது. கிளாஸை வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

கதவைத் திறந்தார். நீலாம்பாள் தலை சீவி, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, கிளம்பத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"சாமி இல்லைன்னு சொல்ல உரிமை வேணும்னு ஜெயிலுக்குப் போனீங்க. இருக்குன்னு சொன்னதுக்கு என்னைய ஜெயில்ல வச்சிட்டீங்க. இப்பப் பள்ளிவாசலுக்குப் போவட்டுமா, இல்ல ஒரேயடியா நன்னிலத்துக்கு எங்கம்மா வீட்டுக்குப் போயிறவா?"

"பள்ளிவாசலுக்கே போவோம். நானும் வர்றேன்" என்றார் வீரையன்.

வழியெல்லாம் மனதுக்குள் ஒரு காட்சி ஓடியது. கறுப்புச் சட்டையோடு தானே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பது, ஊரே அவர் பெருந்தன்மையைப் பார்த்து அசந்து போவது. அந்த மனிதருக்கு வருத்தப்படுவதற்குக்கூட ஒரு கூட்டம் தேவைப்பட்டது.

பள்ளிவாசல் வந்ததும் கையை நீட்டினார். "புள்ளையக் குடு. நானே வச்சிக்கிட்டு நிக்கிறேன்."

நீலாம்பாள் கொடுக்கவில்லை.

"வேணாங்க. உங்களுக்குத்தான் நம்பிக்கை இல்லையே. எனக்காக எதுக்கு வேஷம் போடணும்? நீங்க நீங்களாவே இருங்க" என்றாள். செருப்பைக் கழற்றி அவர் காலடியில் விட்டாள். "இத நாய் தூக்கிட்டுப் போயிராமப் பாத்துக்கிட்டாப் போதும்."

மேடை மேடையாக ஏறிக் கேட்டும் யாரும் தராத, நம்பாமல் இருக்கும் உரிமையை, பூட்டி வைக்கப்பட்டவள் கேட்காமலே தந்துவிட்டுப் போகிறாள். வீரையனை வெட்கம் பிடுங்கித் தின்றது. தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வரத் தொடங்கினார்கள். நாய் ஏதும் வருகிறதா என்று நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு அவர் அங்கேயே நின்றார்.