மூன்று ஒட்டினால் ஒன்று

ஃபிரான்சுவாஸுக்கு இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்து, இரண்டும் ஒரு வயது காணாமலே போய்விட்டன. வாயெல்லாம் வெள்ளைப் புண், நிற்காத பேதி, மார்ச்சளி. சாமி குத்தம் என்றார்கள். தாய்ப்பாலில் விஷம் என்றுகூட ஒரு புண்ணியவதி சொன்னாள். எண்பத்து நாலில் மூன்றாவதாக மர்செல் பிறந்தபோது, அவளோடு சேர்ந்து தூக்கம் கெட்டவள் காரைக்காலில் இன்னொருத்தி உண்டென்றால் அது அல்லிதான். இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. இப்போது டாக்டர் திருஞானசம்பந்தத்தின் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள் அவள். போன இரண்டு குழந்தைகளுக்கும் ரத்தம் எடுத்தது அவள் கைதான்.

டாக்டருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. வெள்ளணுக்களில் டி செல் என்று ஒரு வகை, நோயோடு மல்லுக்கு நிற்கிற படை. அது இல்லாமலே சில ஆண் குழந்தைகள் பிறந்துவிடும். "இவனுக்கும் இல்லேன்னா பி.சி.ஜி. ஊசியே எமனாயிடும். அதுல இருக்கறது உசிருள்ள கிருமி. இருக்கான்னு தெரியிற வரைக்கும் போடக் கூடாது. இல்லேன்னு ஆச்சுன்னா பாரிஸுக்குக் கொண்டுபோயி எலும்பு மஜ்ஜை மாத்தணும்" என்றார்.

டி செல்லின் மேற்பரப்பில் ஒரு ஏற்பி உண்டு, கொக்கி மாதிரி. அந்தக் கொக்கியை மட்டும் தேடிப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருள் ஒன்று அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. அது பிடித்த செல், சாயம் போட்டால் பழுப்பாகத் தெரியும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த ஃபிரான்சுவாஸின் புருஷன் ழான், லீவில் வரும்போது பாரிஸில் ஒரு சின்னக் குப்பியில் அதை வாங்கி, பிளாஸ்கில் ஐஸுக்குள் வைத்து எடுத்து வந்தான்.

சென்னையிலிருந்து பஸ் வந்து சேர்வதற்குள் ஐஸ் தண்ணீராகிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் கூடையோடு நின்றிருந்த காரைக்கால்மேட்டு மீன்காரி காசியம்மா, "பிள்ள மருந்தா? குடுங்க தம்பி" என்று பிளாஸ்கை வாங்கி, தன் ஐஸை அடைத்து மூடிக் கொடுத்தாள்.

அல்லி திறந்தபோது குப்பி கல்லாக உறைந்திருந்தது. எவ்வளவு பத்திரமாக வந்திருக்கிறது என்று அவளுக்குச் சந்தோஷம். கூட ஒரு பிரெஞ்சுத் தாள். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிற ஊர்தான். ஆனாலும் ஒருவரைக் கேட்க அவளுக்குப் பொறுமை இல்லை. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. குப்பியை உருகவைத்து, மர்செலின் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, எதிர்ப்பொருளை விட்டு, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். இருநூறு செல் எண்ணினாள். ஒன்றுகூடப் பழுப்பு இல்லை.

டாக்டர் வெளியூர் போயிருந்தார். அவர் திரும்பும்வரை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வராந்தாவில் நின்ற ஃபிரான்சுவாஸ், "இருக்காடீ?" என்று கேட்டுவிட்டாள்.

"இல்லடீ."

ஃபிரான்சுவாஸ் அழவில்லை. துணியை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடிக்கொண்டு நடந்தாள். அவள் கத்தித் தீர்த்திருந்தால் அல்லிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் காலை காசியம்மா லேப் ஜன்னலில் வந்து நின்றாள். "மருந்து வேல செஞ்சுதா தாயி? வஞ்சிரத்துக்குப் போடுறாப்புல ரெண்டு கை உப்பு அள்ளிப் போட்டுல்ல ஐஸ அமுக்குனேன். கல்லு கணக்கா நின்னுருக்குமே!"

பெருமை பிடிபடவில்லை அவளுக்கு. குப்பி உறைந்து வரவில்லை, இந்த வாசலில்தான் உறைந்திருக்கிறது என்று அல்லிக்கு அப்போதுதான் புரிந்தது. உப்புச் சேர்ந்த ஐஸ் எதையும் உறையவைத்துவிடும் என்பது அவளுக்குத் தெரியாததா? தாளை எடுத்துக்கொண்டு ழானிடம் ஓடினாள். முதல் வரியிலேயே அவன் விரல் நின்றது. "உறைய விடக் கூடாது, உறைஞ்சா கெட்டுடும்னு போட்டுருக்கும்மா."

திரும்பி வந்து தன் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, அதே எதிர்ப்பொருளை விட்டுப் பார்த்தாள். இருநூறு செல்லில் ஒன்றுகூடப் பழுப்பு இல்லை. குப்பி சொல்வது நிஜமென்றால் அல்லி செத்து முப்பது வருஷம் ஆகியிருக்க வேண்டும். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனை இது.

ஆனால் குப்பி பொய் என்பதால் குழந்தைக்கு டி செல் இருக்கிறது என்று ஆகிவிடாது. தெரியாது என்றுதான் ஆகும். இன்னொரு குப்பி வர மாதக்கணக்கில் ஆகும். தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவளுக்குப் புதுச்சேரிப் பயிற்சியில் படித்த பழைய முறை நினைவுக்கு வந்தது. குப்பி தேடுகிற அதே கொக்கியில் ஆட்டின் சிவப்பணுவும் போய் ஒட்டிக்கொள்ளும். ஏன் ஒட்டுகிறதென்று ஆட்டுக்கும் தெரியாது, படித்தவர்களுக்கும் அன்று சரியாகத் தெரியாது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு பாரிஸ்வரை அலைந்திருக்கிறார்கள்.

அல்லி வீட்டில் முட்டைகூட வாங்க மாட்டார்கள். அவள் கறிக்கடை வாசலில், ரத்தம் கட்டாமலிருக்க மருந்து ஊற்றிய பாட்டிலோடு நின்றதைப் பார்த்துக் கடைக்காரர் கபீர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"ரத்தமா? எதுக்கும்மா?"

"ஒரு பிள்ளைக்கு டெஸ்ட் பண்ணணும் பாய்."

"எங்களுக்கு அது ஹராம். மண்ணுலதான் போவுது. பிள்ளைக்குன்னா தாராளமா எடுத்துக்குங்க. பாட்டில நீட்டுங்க, கைய ஆட்டாதீங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டு நீட்டினாள்.

ஆட்டு ரத்தத்தை மூன்று தடவை உப்புநீரில் கழுவி, வெள்ளணுக்களோடு கலந்து, லேசாகச் சுழற்றி, இரண்டு மணி நேரம் குளிரில் வைத்தாள். இந்தத் தடவை முதலில் தன் ரத்தம். ஒரு வெள்ளணுவைச் சுற்றி ஆட்டின் அணுக்கள் குறைந்தது மூன்று ஒட்டியிருந்தால்தான் அதை ஒன்று என்று எண்ண வேண்டும். நூற்றுக்கு அறுபத்து நாலு. சரி, ஆடு பொய் சொல்லாது.

அடுத்தது மர்செலின் குழாய், அன்று எடுத்ததில் மிச்சமிருந்த ரத்தம். வேகமாகக் குலுக்கினால் ஒட்டினதெல்லாம் உதிர்ந்துவிடும். பிறந்ததிலிருந்து எதையும் மெதுவாகச் செய்தறியாத அல்லி, தூங்குகிற குழந்தையைப் புரட்டுவதுபோல அந்தக் குழாயைச் சாய்த்தாள். முதலில் தெரிந்தவை எல்லாம் தனித்தனியாகக் கிடந்தன. கண்ணாடித் தகட்டைக் கொஞ்சம் நகர்த்தினாள். ஒரு வெள்ளணு, அதைச் சுற்றி ஐந்து. பக்கத்திலேயே இன்னொன்று, நாலு. அப்புறம் எண்ண எண்ண வந்துகொண்டே இருந்தது. நூற்றுக்கு ஐம்பத்தேழு.

மத்தியானம் ஊர் திரும்பிய டாக்டர் பையைக்கூட வைக்காமல் உட்கார்ந்து, முதலிலிருந்து தானே எண்ணினார். "இருக்கு. நல்லாவே இருக்கு. நாளைக்கு ஊசி போட்டுடலாம்" என்றார். பிறகு அல்லியைப் பார்த்து, "அவங்க வீட்டுக்கு நீயே போயிச் சொல்லு. கெட்டதச் சொன்ன வாயி நல்லதையும் சொல்லட்டும்" என்றார்.

அவள் ஓடிப்போய்ச் சொன்னாள். உப்பு, ஐஸ், ஆடு எல்லாவற்றையும் முன்பின்னாகச் சொன்னாள். "தப்பு எம்மேலதான்டீ. என்ன ரெண்டு அடி அடி" என்று முடித்தாள்.

ஃபிரான்சுவாஸ் மெல்லச் சொன்னாள். "ரெண்டு நாளா நான் இவன் மூஞ்சியப் பாக்கலடீ. பால் குடுக்குறப்பகூட செவுத்தப் பாத்துக்கிட்டே குடுத்தேன். பாத்துட்டா மனசுல நின்னுபோயிடுமேன்னு."

ஃபிரான்சுவாஸ் மடியிலிருந்த பிள்ளையின் துணியை விலக்கினாள். குனிந்து, அவசரமில்லாமல், நெற்றியிலிருந்து தொடங்கிப் பார்த்தாள்.

"காது இவங்க அப்பா காது" என்றாள். "மூக்குதான்டீ, யாரு மூக்குன்னு தெரியல."