தொடாமல் படிக்க நான்கு வரி

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது என்று ஆரம்பித்திருந்தேன். அண்ணி அந்த வரியை அடிக்கச் சொன்னார். "பொய்யா மறதியான்னு உனக்கெப்படித் தெரியும்?" என்றார். சரி, மாற்றிவிடுகிறேன். இந்தக் கதை என் அவசர புத்தியில் பிறந்தது. இதற்கு என் அண்ணன் சாட்சிக் கையெழுத்தே போடுவான்.

அண்ணி லிஃப்ட் மெக்கானிக். ஒன்பது மாடி மருத்துவமனை ஒன்றின் லிஃப்டுகள் அவர் பொறுப்பு. அதில் மூன்றாவது லிஃப்ட் ஒரு நாள் இரண்டு மாடி சறுக்கி, உள்ளே இருந்த செவிலியரின் கால் முறிந்தது. பிரேக் தேய்ந்துவிட்டது, லிஃப்டை நிறுத்துங்கள் என்று மூன்று வாரம் முன்பே கட்டட மேலாளருக்கு அண்ணி மெயில் அனுப்பியிருந்தார். "அனுப்பியிருக்கலாம். என் கண்ணுல படவே இல்ல" என்றார் மேலாளர், விசாரணையில்.

அவர் பார்க்கவில்லை என்றால், மறுபடி சொல்லாதது அண்ணியின் தவறு, உரிமம் போய்விடும். பார்த்தார் என்றால், நிறுத்தாதது அவர் தவறு. பதினாறு வருட உழைப்பு 'பார்த்தாரா, இல்லையா' என்ற ஒரு கேள்வியில் தொங்கியது.

2

கைவிட்ட தொடக்கங்கள், உங்கள் பார்வைக்கு:

"மதிய வெளிச்சத்தில் அந்தக் கருப்புத் திரையில் விதியின் எழுத்துகள்..." (விதி வந்ததும் எனக்கே கூசியது. நிறுத்திவிட்டேன்.)

"பகலில் நான் கணினி சர்வர்களைப் பராமரிப்பவள், மற்ற நேரங்களில் கதை எழுது..." (யார் கேட்டார்கள்? ஆனாலும் இது உங்களுக்குத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பகுதியில் நான் செய்த கூத்து புரியாது.)

3

விசாரணை அதிகாரி, மேலாளரின் மெயில் பெட்டியை நகலெடுத்து இரு தரப்புக்கும் பென் டிரைவில் கொடுத்திருந்தார். மாதத்துக்கு ஒரு ஃபைல். ஒவ்வொன்றிலும் அந்த மாதத்து மெயில்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நீளமான எழுத்துக் கோவையாக இருந்தன. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து, கருப்புத் திரையில் வெறும் எழுத்துகளாக ஓடும், மவுசே தேவைப்படாத என் பழைய டெர்மினல் மெயில் நிரலில் முதல் ஃபைலைத் திறந்தேன். அண்ணி எதிரில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

படிக்காத மெயில்களுக்கு முன்னால் N என்ற எழுத்து நின்றது. ஆர்வக்கோளாறில் மூன்று விளம்பர மெயில்களைப் படித்தேன். வெளியே வரும்போது நிரல் ஏதோ கேட்டது. எதையும் பார்க்காமல் என்டரைத் தட்டினேன். மறுபடி திறந்தால், அந்த மூன்றுக்கும் N காணோம்.

"ஐயோ, போச்சு!"

"என்ன போச்சு?"

"நான் படிச்சதையும் ஃபைல்லயே எழுதி வெச்சிருச்சு அண்ணி."

"ஆதாரத்துல கை வெச்சுட்டியா? உன்னை நம்பி உக்காந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

கத்தியை மேசையில் வைத்தார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"இரு. நீ படிச்சது அதுல பதிவாகுதுன்னா, அவர் படிச்சிருந்தா அதுவும் பதிவாகியிருக்கும்ல?"

சர்வர்களோடு பதினொரு வருடம் குப்பை கொட்டியவள் நான். இந்தக் கேள்வியைக் கேட்டது லிஃப்ட் மெக்கானிக்.*

(* இந்த இடத்தில் நானே கண்டுபிடித்ததாக ஒரு வரைவு எழுதினேன். மனசாட்சி உறுத்தியதால் அழித்துவிட்டேன்.)

இனி ஃபைலைத் தொடக் கூடாது. கணினிக்கு நான்கு வரியில் ஒரு கட்டளை ஸ்கிரிப்ட் எழுதினேன். ஃபைலை நகலெடு. நகலில் யாரும் எழுத முடியாமல் பூட்டு. படிக்க மட்டும் என்ற முறையில் திற. மூடியதும் நகலை அழி.

"மெயின் சுவிட்சை அணைச்சு, பூட்டு மாட்டிட்டு, லிஃப்ட் குழிக்குள்ள இறங்குற மாதிரி" என்றார் அண்ணி.

முதல் தடவை ஓட்டியபோது முறைத்துக்கொண்டது. ஃபைல் பெயரின் நடுவே ஓர் இடைவெளி இருந்ததால் அதை இரண்டு ஃபைல் என்று நினைத்துவிட்டது. மேற்கோள் குறி போட்டதும் வழிக்கு வந்தது. சரியான மாதத்தைத் திறந்தோம். அண்ணியின் மெயில் இருந்தது. N இல்லை. அந்த இடத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி இருந்தது.

"இது என்ன?"

"முக்கியம்னு அவரே போட்டுவெச்ச குறி அண்ணி."

அண்ணி அந்தத் திரையையே பார்த்தபடி, உரித்த வெங்காயத்தை மறுபடி உரித்தார்.

4

மேலாளரை எப்படி எழுதுவது என்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை. முதல் வரைவில் சுத்த அயோக்கியனாக வந்தார். அண்ணி படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அந்த மனுஷன் கெட்டவர் இல்ல. மூணு கட்டடத்தை ஒத்தையாளாப் பார்க்கிறாரு. நாளைக்குப் பார்த்துக்கலாம்னு குறி போட்டிருப்பாரு. அந்த நாளை வரல."

"உங்களை மாட்டிவிட்டாரே?"

"அதுக்குத்தான் நேர்ல வெச்சுக்கறேன். நீ கதையில திட்டாத."

படிக்க மட்டும் என்ற முறையில் மனிதர்களைத் திறக்க எந்த ஸ்கிரிப்டும் இல்லை. எழுத உட்கார்ந்தாலே என் விரல் அவர்கள்மேல் பட்டுவிடுகிறது.

5

விசாரணை அறை. நீள மேசை, எட்டு நாற்காலி, ஓடாத சுவர்க் கடிகாரம். (கடிகாரம் என் கற்பனை. எடுத்துவிடலாம்.)

அதிகாரி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நீங்க திறந்து பார்த்ததாலயே குறி மாறியிருக்கலாமே?"

"அதானே!" என்றார் மேலாளர்.

நான் காத்திருந்ததே இதற்குத்தான். "உங்ககிட்ட இருக்கிற மூல ஃபைல்லயே ஓட்டலாம் மேடம்."

எந்த ஃபைலுக்கும் ஒரு கைரேகை எண் உண்டு. உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். அதிகாரி அந்த எண்ணை முதலில் தாளில் எழுதிக்கொண்டார். நான்கு வரியையும் ஓட்டினேன். மெயில் வந்தது, அதே ஆச்சரியக்குறியோடு. மூடினேன். அதிகாரி மறுபடி எண்ணை எடுத்து, ஒவ்வோர் இலக்கமாக விரல் வைத்துச் சரிபார்த்தார். அச்சு அசலாக அதே எண்!

"இந்தக் குறி தானா விழுமா?"

"விழாது மேடம். கையால போட்டாத்தான்."

மேலாளர் நிமிரவில்லை. "நாளைக்கு நிறுத்தலாம்னு நெனச்சேன்" என்றார், அண்ணியைப் பார்க்காமல்.

வெளியே வந்ததும் அண்ணி என் முதுகில் ஓங்கி ஒரு போடு போட்டார். "ஜெயிச்சுட்டோம்டி!" என்று அவர் கத்தியதில் எதிர் அறைக் கதவுகள் திறந்தன. அண்ணி தேம்பி அழுதார். (இந்த வரியையும் அடிக்கச் சொல்லிவிட்டார். அழுதது நான்தான்.)

6

பத்து நாளில் தீர்ப்பு மெயிலில் வந்தது. தலைப்பிலேயே இருந்தது: 'உரிமம் தொடர்கிறது.' முன்னால் N. பெருமையாக ஸ்கிரிப்டை ஓட்டப் போனேன். அண்ணி என் கையைத் தட்டிவிட்டார்.

"இதுக்கு அது வேணாம். நான் படிச்சேன்னு பதியட்டும்."

மெயிலை அவரே திறந்தார். உரக்கப் படித்தார், இரண்டு தடவை.

அண்ணியின் கதை அவ்வளவுதான். மேலாளருக்குத்தான் முடிவு கிடைக்கவில்லை. மருத்துவமனைக்குப் போய் அந்தச் செவிலியர் முன்னால் நின்றார் என்று எழுதிப் பார்த்தேன். வேலையை விட்டார் என்றும் எழுதினேன். இப்போதும் தினமும் குறி போட்டு நாளைக்குத் தள்ளி... வேண்டாம். அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். 'என் கண்ணில் படவே இல்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள். இந்த வரிவரை வந்துவிட்டீர்கள். உங்கள் N போய்விட்டது.