அஸர் நேரத்தில் நின்றுபோகும் டீச்சர்

இரண்டு மணியிலிருந்து றுமைஸா மேசையைத்தான் சுற்றிக்கொண்டிருந்தாள். இடுப்பில் உடுத்தும் கைத்தறிச் சாரனை விரித்தாள், மடித்தாள். வாவிப் படத்தைச் சுவரில் ஒட்டினாள், கழற்றினாள். காத்தான்குடி வீட்டில் இருந்தபடி, வியட்நாமில் இருக்கும் ஏழு சிறு பிள்ளைகளுக்குக் கணினி வழியே அவள் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். இன்று டீச்சர் தன் ஊரைக் காட்டும் நாள்.

அவள் கவலை அதுவல்ல. காலையில் மேற்பார்வையாளர் எழுதியிருந்தார்: "உங்கள் இணைப்பு தினமும் பாதி வகுப்பில் நின்றுபோவதாகப் பெற்றோர் மறுபடியும் முறையிடுகிறார்கள். இன்று நானும் பார்ப்பேன். இப்படியே இருந்தால் வகுப்பை வேறொருவருக்குக் கொடுக்க வேண்டிவரும்."

இணைப்பு ஒருநாளும் நின்றதில்லை. நின்றது அவள்தான். பள்ளிவாசலில் பிற்பகல் தொழுகைக்கு அழைக்கும் அஸர் பாங்கு கேட்டதும் மைக்கை அடைத்து, முக்காட்டைச் சரிசெய்து, முடியும்வரை பேசாமல் அசையாமல் இருப்பாள். சிறுவயதுப் பழக்கம். அந்தப் பக்கம் அது நெட் போனதுபோலத் தெரிந்திருக்கிறது. சொன்னால் என்ன நினைப்பார்களோ என்று இரண்டு மாதமாக மறைத்துவந்தாள். கணவன் பாஹிமிடமும் சொல்லவில்லை.

அவனோ பாவம், கடையைப் பூட்டிவிட்டு வந்து, ஜன்னலுக்கு வெளியே ஏணியில் நின்று ரவுட்டரைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"வாவிப் பக்கம் திருப்பிட்டன் புள்ள. இனியும் நிண்டா டவர்காரன சும்மா உடமாட்டன்!"

"விழுந்துடப்போறீங்க, இறங்குங்க."

"கிளாஸ் முடியுமட்டும் புடிச்சிக்கிட்டு நிக்கிறன். நீ படிப்பி."

மூன்று மணிக்கு வகுப்பு தொடங்கியது. திரையின் ஓரத்தில் மேற்பார்வையாளர், கையில் பேனாவோடு. சாரனின் நிறங்களைப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் கூவினார்கள். றுமைஸாவின் கண் கடிகாரத்துக்கும் திரைக்கும் ஓடியது.

பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. மைக்கை அடைக்கப் போன விரல் பாதியில் நின்றது. படைத்தவனின் பெயரை ஒளித்துவைத்துவிட்டு, எந்த ஊரை இவர்களுக்குக் காட்டப்போகிறாள்?

"பிள்ளைகளே, இதுதான் என் ஊரின் குரல். தொழுகைக்கு அழைக்கிறார்கள். இது கேட்கும்போது நான் பேசாமல் இருப்பேன். இணைப்பில் கோளாறு இல்லை. நிற்பது நான்தான்."

முன்பல் விழுந்த மின் என்ற சிறுமி சிரித்தாள். "தெரியும் டீச்சர். நீங்கள் கண் சிமிட்டுவீர்களே! நாங்களும் தினமும் உங்களோடு நிற்போம்."

சொன்னபடியே ஏழு பேரும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்கள். ஒருவனுக்கு மூக்கு அரித்தது, பொறுத்துக்கொண்டான். மேற்பார்வையாளர் பேனாவைக் கீழே வைத்தார். யாரும் கேட்காமலே அவரும் அப்படியே இருந்தார்.

வகுப்பு முடிந்ததும் அவருடைய செய்தி வந்தது: "பெற்றோரிடம் நானே விளக்குகிறேன். அந்த மூன்று நிமிடத்தையும் அட்டவணையில் எழுதிவிடுவோம்."

றுமைஸா மனதுக்குள் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினாள்.

"இறங்குங்க. டவர்காரன்ல ஒரு பிழையும் இல்ல."

"அப்ப யார்ல பிழை?"

"இறங்கி வாங்க, சொல்றன். முதல்ல ஏணியத்தான் புடிச்சிக்கிறன்."