ரெபேக்காள் கொண்டுவந்த முரசு

கானாவிலிருந்து தென்காசிக்குத் திரும்பிய ரெபேக்காளோடு வந்தவை ஒரு டிரங்குப் பெட்டியும், இடுப்புயர மர முரசும்தான். அங்கே வாத்தியாராக இருந்த புருஷன் அருமைநாயகத்தைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. அடக்கத்தன்று அந்த ஊர்த் தலைவரின் சொந்தத் தம்பியே முரசு கொட்டினார். சத்தம் கேட்டு, காட்டு வேலைக்குப் போனவர்களெல்லாம் மண்வெட்டியோடு ஓடிவந்தார்கள். பிறப்போ சாவோ, அங்கே ஊரைக் கூட்டுவது முரசுதான். "வாத்தியாரோட ஊரும் இதைக் கேக்கட்டும்" என்று அவளிடம் தந்தனுப்பினார்கள்.

முதல் வருட நினைவு ஜெபத்தில் அதைக் கொட்ட வேண்டும் என்றாள். புருஷனின் அண்ணன் தேவசகாயம் கொதித்தார்.

"சாவுக்குக் கொட்டடிக்குத குடும்பமா ஏட்டி நாம? ஊரு சிரிக்கும்."

அவள் கேட்கவில்லை. சாரலில் நனைந்தபடி பக்கத்து ஊரான இலஞ்சிக்கு நடந்தாள். சாவு வீடுகளில் தப்படிக்கும் சுடலைமாடன் குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"ஏ சுடலை, நாளைக்கு நீ வந்து ஒரு முரசு கொட்டணும்."

"இனி எந்தச் சாவுக்கும் கொட்டக் கூடாதுன்னு எங்க தெருவுல பேசி முடிச்சாச்சு, வாத்தியாரம்மா. பண்ணையார் வீட்டுச் சாவுக்கு வரமாட்டேன்னதுக்கு என் தம்பி கைய ஒடிச்சுப் போட்டானுவ."

"இது வேற. அங்கன கொட்டுததுதான் மரியாதை. தலைவரோட தம்பியே கொட்டுனாரு."

"அவர எப்படிக் கூப்பிடுவீங்க?"

"ஐயான்னு."

"என்னைய இப்ப எப்படிக் கூப்பிட்டீங்க?"

அவள் முகத்தைத் திருப்பினாள். குடிசைக்குள் ஒருவன் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டிய கையோடு படுத்திருந்தான்.

"கைய ஒடிக்கையில ஒங்க அத்தானும் அங்கனதான் நின்னாரு. கேட்டுப் பாருங்க" என்றார் சுடலைமாடன்.

வீட்டுக்கு வந்ததும் புருஷனின் அண்ணனிடம் கேட்டாள். தேவசகாயம் செய்தித்தாளை மடித்தார்.

"தள்ளித்தான் நின்னேன். நான் மேல கை வைக்கல."

"தடுக்கவும் இல்லியே, அத்தான்."

அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் ஜெபம் முடிந்ததும் ரெபேக்காளே முரசின் முன் நின்றாள். பழகாத கை, தாளம் எங்கெங்கோ போனது. ஈரக்காற்றில் தளர்ந்திருந்த தோல் மந்தமாக ஒலித்தது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியேறினார்கள். உபதேசியாரும் வேதப்புத்தகத்தை இடுக்கிக்கொண்டு கிளம்பினார். உள்ளங்கை கன்றிப்போகும்வரை அவள் கொட்டினாள்.

பிறகு காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். அருமைநாயகம் உயிரோடிருந்து சுடலைமாடனுடைய தம்பியின் கையை ஒடித்த இடத்தில் நின்றிருந்தால் தடுத்திருப்பாரா? அவளால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.