கேட் சாத்தும் கை

எங்கள் ஊரில் யாரும் இரும்புக் கேட் வாங்குவதில்லை. அது தானாக வளர்கிறது. புது வீட்டுக்குக் குடிபோகும் நாளில் வாசலில் ஓர் ஆணியை நட்டு வைத்தால் போதும். ஒரு வருடத்தில் முழங்கால் உயரம் வந்துவிடும். மூன்றாம் வருடம் கம்பிகள் பிரியும். ஐந்தாம் வருடம் ஈட்டிமுனைகள் விடும். ஊரில் வெல்டிங் பட்டறை கிடையாது.

கேட்டுக்கு வேண்டிய இரும்பு அதைச் சாத்துகிற கையிலிருந்து போகிறது. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர்தான் சாத்த வேண்டும் என்பது வழக்கம். கடைசியாகச் சாப்பிடுகிறவர் யார் என்பதில் எந்த வீட்டிலும் குழப்பம் வந்ததில்லை.

இருபத்திரண்டு வருடம் வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் ரத்தசோகையைப் பார்த்துவிட்டு நான் ஊர் திரும்பி, இதே நோயில் ஓர் ஆய்வைத் தொடங்கினேன். அங்கெல்லாம் ஊசி குத்தி ரத்தம் எடுத்துக் காத்திருக்க வேண்டும். இங்கே இன்ச் டேப் போதும். நானும் நர்ஸ் ரெஜினாவும் முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகளின் கேட்டை அளந்தோம். ஆறடிக்கு மேல் கேட் இருந்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் ஒன்பதுக்குக் கீழே. ரத்தம் எடுத்துச் சரிபார்த்ததில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேருக்கு டேப் சொன்னது சரியாக இருந்தது. எனக்குத் தெரிந்து இவ்வளவு மலிவான, இவ்வளவு துல்லியமான பரிசோதனையை யாரும் செய்ததில்லை. இதைச் சொல்லும்போது இப்போதும் என் முதுகு கொஞ்சம் நிமிரும்.

கண்டுபிடிப்பது இப்படி எளிதாக இருந்தது. சிகிச்சைதான் தகராறு செய்தது. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தோம். டீ குடிக்காமல், எலுமிச்சம்பழச் சாற்றோடு சாப்பிடச் சொன்னோம். சாப்பிட்டார்கள். கேட்டுகள் நன்றாக வளர்ந்தன.

மேட்டுத் தெருவில் நாச்சிமுத்து வீட்டுக் கேட் பதினோரு அடி. ஊரிலேயே பெரியது. மேலே இரண்டு சிங்கங்கள். வலது பக்கச் சிங்கம் அவர் மனைவி சாத்திக்கொண்டிருந்த காலத்தில் வந்தது. அந்த அம்மா நான்கு வருடங்களுக்கு முன் இறந்துவிட்டார். இடது பக்கச் சிங்கம் மருமகள் தமயந்தி வந்த பிறகு முளைத்தது. அவளுடைய கணவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். மாதம் ஒருமுறை வருவான்.

நாங்கள் போனபோது தமயந்திக்கு எட்டாம் மாதம். படியில் உட்கார்ந்து பச்சரிசியை மென்றுகொண்டிருந்தாள், ரத்தம் குறைந்தவர்களுக்கு வருகிற ஆசை. ரெஜினா அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. ஹீமோகுளோபின் ஆறு புள்ளி ஒன்று.

"இதோட பிரசவத்துக்குப் போனா, கொஞ்சம் ரத்தம் போனாலும் தாங்காதுங்க," என்றேன் நாச்சிமுத்துவிடம். "ஏழு வாரந்தான் இருக்கு."

"செலவப் பாக்காதீங்க டாக்டருங்க. எந்த மருந்துன்னாலும் போடுங்க. என்ற ஊட்டுக் கொழந்தையாச்சே."

பாட்டிலில் கலந்து நரம்பு வழியாக இரும்பு ஏற்றினோம். மறுநாள் காலை கேட்டின் நடுவில் மூன்றாவது சிங்கத்தின் தலை வந்திருந்தது, பிடரி இல்லாமல். பக்கத்து ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நாச்சிமுத்து எல்லோருக்கும் மோர் கொடுத்தார். தமயந்தியால் மோர்ப் பானையைத் தூக்க முடியவில்லை.

விடை அதே வாரம் 118ஆம் எண் வீட்டில் கிடைத்தது. அந்த வீட்டுக்காரர் கால் உடைந்து ஒரு மாதம் படுத்திருந்தார். அந்த மாதம் மட்டும் அவர் மனைவியே கேட்டைச் சாத்தவும் செய்தார், திறக்கவும் செய்தார். கேட் அரை அடி குறைந்திருந்தது. மனைவிக்கு ஹீமோகுளோபின் ஒரு கிராம் ஏறியிருந்தது. சாத்துகிற கை கொடுக்கிறது, திறக்கிற கை எடுத்துக்கொள்கிறது. காலையில் கேட் திறப்பது எங்கள் ஊரில் வீட்டின் மூத்த ஆணுக்கு உள்ள மரியாதை. கால் உடைந்தால் ஒழிய அதை யாரும் விட்டுக்கொடுப்பதில்லை.

அதுவரை நாங்கள் ஆண்களின் ரத்தத்தைப் பார்த்ததே இல்லை. ஆய்வுப் படிவத்தில் அவர்களுக்குக் கட்டமே கிடையாது. ரெஜினா பேனாவால் ஒரு கோடு இழுத்துக் கட்டம் ஒன்றை உண்டாக்கிக்கொண்டு நாச்சிமுத்துவிடம் போனார்.

"உங்க விரலக் குடுங்க ஐயா, ஒரு சொட்டுத்தான்."

"எனக்கென்ன அம்மிணி? எழுபத்தொண்ணு ஆகுது, இன்னிக்கும் நெல்லு மூட்டையத் தனியாத் தூக்குவேன்."

"அதான் யாரோட பலத்துல தூக்குறீங்கன்னு பாக்கோணும்."

பதினெட்டு புள்ளி நான்கு. ரெஜினா அதைப் படித்துக் காட்டினார். "இதுல நாலு கிராமு உங்களுது இல்லீங்க. படியில உக்காந்திருக்குதே, அந்தப் புள்ளையோடது. மிச்சம் அங்க சிங்கமா நிக்குது."

நான் சிகிச்சையை விளக்கினேன். இனிமேல் காலையில் தமயந்தி திறக்க வேண்டும். ராத்திரி அவர் சாத்த வேண்டும். அவ்வளவுதான்.

அவர் கேட்டைப் பார்த்தார்.

"நாப்பத்தோரு வருசமா நாந்தானுங்க தொறக்கிறேன்."

"தெரியும்."

"அந்த வலது பக்கச் சிங்கமும் கரையுமுங்களா?"

"கரையும்," என்றேன். ஒப்புதல் படிவத்தில் அதையும் எழுதியிருந்தோம்.

அவர் எழுந்து போய் வலது பக்கத்துக் கம்பியில் உள்ளங்கையை வைத்தார். ஏதோ சூடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது போல வைத்திருந்தார். பிறகு படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். மனைவி பெயர் கேட்ட இடத்தில் கொஞ்சம் அழுத்தி எழுதியதால் தாள் கிழிந்தது. வேறு படிவம் கொடுத்தோம்.

முதல் நாள் காலை தமயந்தியால் கேட்டைத் தள்ள முடியவில்லை. அது அரை டன் இருக்கும், சாத்தும்போது மட்டும்தான் தானாக வந்து சேரும். நாச்சிமுத்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவர் கை பட்டால் இரும்பு அவருக்குப் போய்விடும். வெளியே பால்காரர் கேனோடு காத்திருந்தார்.

"தோளக் குடுத்துத் தள்ளு கண்ணு," என்றார் நாச்சிமுத்து.

"முடியல மாமா."

"ஒரு வெரக்கடை போதும்."

ஒரு விரற்கடை திறந்தது. அந்த இடுக்கு வழியாகப் பால்காரர் அரை லிட்டரை ஊற்றிவிட்டுப் போனார். அன்றைக்கு நாச்சிமுத்து வயலுக்குப் போகவில்லை. அவ்வளவுதான் திறந்திருந்தது, அவ்வளவில் அவர் நுழைய முடியாது. ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் ஒரு சாண் திறந்தது. பத்தாம் நாள் நாச்சிமுத்து ஒருக்களித்து வெளியே போனார். மூன்றாவது சிங்கத்தின் தலை போயிருந்தது. மூன்றாம் வாரம் தமயந்தி பச்சரிசி மெல்வதை நிறுத்தினாள். சிங்கங்கள் பூனை அளவுக்கு வந்தன, பிறகு அணில் அளவுக்கு. அவளுக்கு எட்டு புள்ளி ஐந்து. ராத்திரி சாத்துவது நாச்சிமுத்து என்பதால், அதற்காக அவர் கடைசியாகச் சாப்பிட ஆரம்பித்தார். ரசம் மட்டும் மிஞ்சியிருந்த நாளில் ரசம் சாப்பிட்டார்.

"இந்த ஊட்டுல கடைசியில சோறே இருக்கறதில்ல," என்று என்னிடம் சொன்னார். "யாருமே சொல்லல பாருங்க."

"நான் எத்தன தடவ சொல்லிருக்கேன் மாமா," என்றாள் தமயந்தி உள்ளேயிருந்து. "நீங்க அப்ப தூங்கிட்டிருந்தீங்க."

ஆறாம் வாரம் கேட் முழங்காலுக்கு வந்தது. தமயந்தி அதைக் கால் கட்டைவிரலால் திறந்தாள். பத்து புள்ளி எட்டு. நாச்சிமுத்துவுக்குப் பதினான்கு. நெல் மூட்டையை இப்போது இரண்டு பேராகத் தூக்குகிறார்கள், அவரும் தமயந்தியின் கணவனும். அவன் திருப்பூரிலிருந்து வந்து பிரசவம் வரைக்கும் தங்கிவிட்டான்.

கேட் சிறியதாகிவிட்டாலும் மதில் அப்படியே இருந்தது. நடுவில் பன்னிரண்டு அடிக்குத் திறந்த வெளி. ஆனால் எங்கள் ஊரில் கேட்டைச் சுற்றிக்கொண்டு யாரும் உள்ளே போவதில்லை. திறக்கும் வரை நிற்பார்கள்.

பிரசவத்தில் ரத்தம் நிறையவே போனது. பக்கத்தில் ரத்தப் பாட்டில் தயாராகத் தொங்கியது. அது கடைசிவரை தேவைப்படவில்லை. பெண் குழந்தை, இரண்டு கிலோ தொள்ளாயிரம். தமயந்தி எழுந்து உட்கார்ந்து, முதலில் தனக்குச் சாப்பாடு கேட்டாள். நாச்சிமுத்து ஆஸ்பத்திரி வராண்டாவில் தெரியாதவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னார். "பத்தேகாலோட நிக்குதுங்க என்ற மருமக. அத்தன ரத்தம் போயும் பத்தேகாலு."

எங்கள் ஆய்வின் முடிவுகள் வெளிவந்தன. முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் இருநூற்று எண்பத்தாறில் இப்போது ரத்தசோகை இல்லை. இப்போது மேட்டுத் தெருவில் யார் வீட்டுக் கேட் சிறியது என்பதில்தான் போட்டி. சாயந்திரம் கூடி நின்று அளந்துகொள்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் பூதக்கண்ணாடியோடு வருகிறார்கள். ஆறடிக் கேட் உள்ள வீட்டில் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள்.

போன செவ்வாய்க்கிழமை, பிரசவத்துக்குப் பிந்தைய ஐந்தாம் மாதப் பரிசோதனைக்காக ரெஜினாவும் நானும் போனோம். நாச்சிமுத்து தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பால்காரரும் இன்னும் நான்கு பேரும் அவர் பக்கத்தில் நின்றிருந்தார்கள். வாசலில் கேட் இல்லை.

"எங்கீங்க ஐயா கேட்டு?" என்றார் ரெஜினா.

"ஊக்கு அளவுக்கு வந்துருச்சு அம்மிணி. வாசல்ல இருந்தா யாராச்சும் மிதிச்சிருவாங்கன்னு தமயந்தி எடுத்துக் கொழந்த சட்டையில குத்தீட்டா. ஊர்லயே சின்னதுங்க. ரெண்டு சிங்கமும் அப்படியே இருக்குது, கண்ணாடி போட்டுப் பாத்தேன். வலது பக்கத்தது கொஞ்சம் சிரிக்கறாப்புல இருக்குது."

"தமயந்திக்கு எவ்வளவு?"

"பன்னெண்டு புள்ளி ஆறு," என்றார் தெருவுக்கே கேட்கும்படி.

கூடத்தில் தொட்டில் தெரிந்தது. அதன் பக்கத்தில் தமயந்தி உட்கார்ந்து மதியச் சாப்பாட்டை நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்துத் தலையசைத்து, உதட்டில் விரலை வைத்தாள்.

கேட் குழந்தையின் சட்டையில் இருந்தது; குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததால் அதைத் திறக்க முடியாது, வீடு சாத்தியிருந்தது. பால்காரர் கொஞ்சம் நகர்ந்து எங்களுக்கு நிழலில் இடம் விட்டார்.